பூவா, பழமா?

மூன்றாம் நாள் மாலை, வேலை முடிந்து லிஃப்டுக்காகக் காத்து நின்றபோதுதான் அந்தப் பெண் வாயைத் திறந்தாள். என் பக்கத்து மேசைக்காரி, என்னைவிடப் பத்து வயது சிறியவள். "அக்கா, தப்பாக நினைத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் போடுகிற சென்ட் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று நாளாக மத்தியானம் ஆனால் எனக்குத் தலைவலி வந்துவிடுகிறது."

நான் மணிக்கட்டை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை. "காலையில் போட்டது, அப்போதே போய்விட்டதே" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! வெங்காயம் நறுக்கிய கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, நறுக்கவே இல்லை என்று சாதிப்பவரைப் பார்ப்பது போல இருந்தது.

அந்த வாசனையின் பெயர் டெலினா. பர்ஃபம்ஸ் டி மார்லி என்ற பிரெஞ்சு நிறுவனம் 2017இல் வெளியிட்டது. கலவையை அமைத்தவர் குவென்டின் பிஷ். பதினான்காம் லூயி மன்னன் கட்டிய மார்லி மாளிகையின் பெயரைச் சூட்டிக்கொண்டு 2009இல் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. இதுபோன்றவற்றை 'நீஷ்' வாசனை என்கிறார்கள். துணி, கைப்பை, உதட்டுச்சாயம் என்று வேறு எதையும் விற்காமல், வாசனை ஒன்றையே தொழிலாக வைத்திருக்கும் சிறிய நிறுவனங்களின் சரக்கு என்று அதற்குப் பொருள். வெளிநாட்டு விமான நிலையக் கடைகளில் அந்த இளஞ்சிவப்புக் குப்பி வரிசைகட்டி நிற்கும் இந்தக் காலத்தில் அந்தச் சொல்லுக்குப் பாதிப் பொருள் போய்விட்டது. விலையில் மட்டும் முழுப் பொருளும் மிச்சமிருக்கிறது.

எனக்கு அது அறிமுகமானது கோயம்புத்தூரில் ஒரு கல்யாணப் பந்தியில். வாழையிலை, சாம்பார், சுற்றியிருந்த தலைகளின் மல்லிகை, இத்தனையையும் தாண்டி ஒரு வாசனை வந்தது. ரோஜாதான், ஆனால் மாலைக்கட்டு ரோஜா இல்லை. ஏதோ பழத்தைக் கிள்ளிப் பிழிந்துவிட்டது போன்ற ஈரமும் புளிப்பும் அதில் இருந்தன. பக்கத்து இலைக்காரப் பெண்ணிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். பெயரைச் சொன்னாள். அன்றிரவே விலையைத் தேடிப் பார்த்தேன். 75 மில்லி குப்பி இருபதாயிரம் ரூபாய்க்கு மேல். கைப்பேசியை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

பிறகுதான் டிகான்ட் என்ற வழி தெரிந்தது. முழுக் குப்பி வாங்கியவர்கள் அதிலிருந்து 2 மில்லி, 5 மில்லி என்று சிறு கண்ணாடிச் சீசாக்களில் பிரித்து விற்கிறார்கள். நான் 5 மில்லி வாங்கினேன். ஒரு முறை அழுத்தினால் ஏறத்தாழ 0.1 மில்லி வெளியே வரும் என்பது பொதுவான கணக்கு. ஆக என் சீசாவில் ஐம்பது அழுத்தல். இந்தக் கணக்கை யாராவது முதலிலேயே எனக்குச் சொல்லியிருக்கலாம். 75 மில்லி என்றால் 750 அழுத்தல். வாரம் மூன்று நாள், நாளுக்கு ஒன்று என்று போட்டால் ஏறக்குறைய ஐந்து வருடம் வரும். ஐந்து வருடத்துக்கு ஒரே வாசனையோடு குடித்தனம் நடத்தும் பொறுமை எனக்கு உண்டா என்று கேட்டுக்கொண்டிருந்தால், பின்னால் ஒரு தண்டச் செலவைத் தவிர்த்திருக்கலாம். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதல் நாள் ஐந்து முறை அழுத்தினேன். காதுக்குப் பின்னால் இரண்டு, மணிக்கட்டில் இரண்டு, துப்பட்டாவில் ஒன்று. மே மாதம், காலை ஒன்பது மணி, சென்னை. முதல் பத்து நிமிடம் சொர்க்கம்தான். லிச்சிப் பழம், பெர்கமாட் எலுமிச்சை, ருபார்ப் என்று ஐரோப்பாவில் சர்க்கரை போட்டு வேகவைத்துத் தின்னும் புளிப்புத் தண்டு ஆகியவை முன்னால் வரும். ருபார்பை நான் கண்ணால் கண்டதில்லை. ஆனால் புளிச்சக்கீரைத் தண்டைக் கிள்ளினால் வருமே ஒரு பச்சைப் புளிப்பு, அதற்கு அக்கம்பக்கத்தில்தான் இருக்க வேண்டும். பல் கூசுகிற மாதிரியான புளிப்பு அது. லிச்சியின் தித்திப்பு திகட்டாமல் இருப்பதற்குக் காரணமும் அதுதான்.

அரை மணி நேரத்தில் பழம் பின்வாங்கி ரோஜா வருகிறது. துருக்கி ரோஜா என்று விவரக் குறிப்பில் இருக்கிறது. கூடவே பியோனி. இந்தப் பியோனி விஷயம் எனக்கு வேடிக்கையாக இருந்தது. அந்தப் பூவிலிருந்து வாசனைத் தொழிலுக்கு உதவும்படி எண்ணெய் எடுப்பது இல்லை. லிச்சிக்கும் அதே கதை. இரண்டையுமே வாசனைக் கலைஞர்கள் வேறு பொருள்களைக் கூட்டிக் கற்பனையாகத்தான் படைக்கிறார்கள். ரோஜா எண்ணெய் உண்டு, ஆனால் ஒரு கிலோ எண்ணெய்க்கு 3,500 கிலோவுக்கும் மேல் இதழ் வேண்டும். 'இயற்கையானதா' என்று கேட்டுக் கேட்டு வாங்குபவர்கள் இந்த வகைப் பக்கம் வராமல் இருப்பது நல்லது. பழவாசனை என்று குப்பியில் எழுதியிருந்தால் பழம் அதற்குள் அநேகமாக இருக்காது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஓவியத்தில் இருக்கும் மாம்பழத்தில் சாறு இல்லையே என்று யாரும் சண்டைக்குப் போவதில்லை.

ஆனால் லிச்சியும் ரோஜாவும் ஒன்றோடொன்று இவ்வளவு இயல்பாக ஒட்டுவது ஏன் என்ற கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. அது லிச்சிக் காலம். முசாஃபர்பூர்ப் பழம் என்று சொல்லி இலையோடு கொத்துக் கொத்தாகக் கட்டிப் பழக்கடையில் தொங்கவிட்டிருந்தார்கள். கால் கிலோ வாங்கினேன். பூக்கடையில் பத்து ரூபாய்க்குப் பன்னீர் ரோஜா. ஞாயிற்றுக்கிழமை காலை, மின்விசிறியை நிறுத்திவிட்டு மூன்றையும் மேசையில் வைத்துக்கொண்டேன்: உரித்த லிச்சி, பிய்த்த இதழ்கள், ஒரே ஒரு அழுத்தல் போட்ட என் மணிக்கட்டு. லிச்சியின் சொரசொரத் தோலைக் கிழித்த நொடியில், சாறு விரலில் வழிவதற்கு முன்பு, ஒரு சிறு மூச்சு வாசனை வெளியே வருகிறது. அது பழ வாசனையே இல்லை, பன்னீர். சுளையை வாயில் போட்டு மென்று மூக்கு வழியாக மூச்சை விட்டால் இன்னும் தெளிவாகத் தெரியும். இத்தனை வருடம் தின்றிருக்கிறேன், இதைக் கவனித்ததே இல்லை.

காரணம் ரோஸ் ஆக்சைடு என்ற சேர்மம். ரோஜா எண்ணெயில் இருப்பதால் அந்தப் பெயர். லிச்சியின் மணத்துக்கு முக்கியமான காரணமும் அதுவே. ரோஜா எண்ணெயில் டமாஸ்கெனோன் என்று இன்னொன்று அற்ப அளவில் இருந்துகொண்டு மணத்தில் பெரும்பங்கு வகிக்கிறது. வேகவைத்த ஆப்பிளிலும் அது உண்டு. மல்லிகையில் இருக்கும் மெத்தில் ஆந்த்ரனிலேட் என்ற சேர்மம் அமெரிக்காவின் கான்கார்ட் திராட்சையிலும் உண்டு. பூவுக்கும் பழத்துக்கும் நடுவில் நாம்தான் வேலி போட்டு வைத்திருக்கிறோம். செடிக்கு அந்த வேலி தெரியாது. 1919இல் கெர்லெய்ன் என்ற பிரெஞ்சு நிறுவனம் வெளியிட்ட மிட்சுகோ என்ற சென்ட்டிலேயே பீச் பழ வாசனை உண்டு. ஆகையால் 'பழவாசனை என்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுவது' என்று மூக்கைச் சுளிப்பவர்கள் பேச்சை நான் இப்போது காதில் போட்டுக்கொள்வதில்லை. திகட்டுவதும் திகட்டாததும் புளிப்பை எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இதில் சரியாக வைத்திருக்கிறார்கள்.

இனி அந்தத் தலைவலிக்கு வருகிறேன். மதியத்துக்கு மேல் ரோஜாவும் அடங்கிய பிறகு மிஞ்சுவது கஸ்தூரி வகை, வெனிலா, காஷ்மெரான் என்ற செயற்கை மரவாசனை. கஸ்தூரி என்று பெயர்தானே தவிர, மானுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எல்லாம் ஆய்வகச் சரக்கு. இந்த மூலக்கூறுகள் பெரியவை, மெதுவாகத்தான் ஆவியாகும், துணியை விடவே விடாது. இவற்றில் ஒன்றிரண்டு சிலரின் மூக்குக்குப் பிறவியிலேயே எட்டாது. எட்டினாலும், ஒரே வாசனை தொடர்ந்து வந்துகொண்டிருந்தால் மூக்கு அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதை நிறுத்திவிடும். கருவாட்டுக் கடைக்காரருக்குக் கருவாடு தெரியாதது போலத்தான் இதுவும். எனக்குத் 'தீர்ந்துபோன' வாசனை, குளிர்சாதன அறையில் அடைபட்டு, பக்கத்து மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இரண்டாம் நாள் மதியம், போய்விட்டதே என்று கழிவறைக்குப் போய் மறுபடி இரண்டு முறை அழுத்திக்கொண்டு வந்ததை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. வாசனை போட்டவருக்குத்தான் அது கடைசியாகத் தெரியும். நம் மூக்கை நம்பி ஒருபோதும் இரண்டாம் முறை போடக் கூடாது; பக்கத்தில் இருப்பவரைக் கேட்க வேண்டும், அதுவும் உண்மை சொல்லக்கூடியவராகப் பார்த்து.

அதன் பிறகு அளவை மாற்றினேன். வேலைக்குப் போகும் நாளில் ஒன்றே ஒன்று, அதுவும் கழுத்தில் இல்லை, முழங்கையின் உள்மடிப்பில். மேலே சட்டைக் கை மூடியிருக்கும். வெயில் காலத்தில் உடம்புச் சூட்டுக்கு அதுவே தாராளம். ஐரோப்பாவின் குளிரில் எழுதப்பட்ட 'ஐந்தாறு முறை அழுத்துங்கள்' அறிவுரையை நம் ஊர் மே மாதத்துக்கு அப்படியே எடுத்துக்கொண்டதுதான் என் முதல் தவறு. குளிரில் பழ வாசனை கொஞ்சம் தங்குகிறது. இங்கே பஸ் நிறுத்தம் போய்ச் சேர்வதற்குள் லிச்சி பறந்துவிடும். மார்கழியில் மறுபடி போட்டுப் பார்த்தபோது அதே வாசனை ஒரு மணி நேரத்துக்கும் மேல் பழமாகவே இருந்தது. எந்தக் காலத்தில் போடப் போகிறோமோ அந்தக் காலத்தில்தான் சோதித்துப் பார்க்க வேண்டும்.

தோல் வறண்டிருந்தால் வாசனை நிற்காது என்பார்கள். சரிதான். ஆனால் அதற்காக நான் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டது அசட்டுத்தனம். லிச்சியும் தேங்காயும் வெனிலாவும் சேர்ந்து அன்று முழுவதும் தேங்காய் பர்பி வாசனையோடு திரிந்தேன். மணமில்லாத வாஸ்லின் ஒரு சொட்டுப் போதும். தலையில் மல்லிகை வைத்துக்கொள்கிற நாளிலும் இதைத் தொடுவதில்லை. ஒரு நிச்சயதார்த்தத்துக்கு இரண்டையும் சேர்த்துப் போனேன். மதுரை மல்லியிடம் எந்தக் குப்பியும் ஜெயிக்க முடியாது. பூ விரிய விரிய இந்த ரோஜா ஜாம் மாதிரி கொழகொழத்துப் போய்விட்டது. பூ வைத்தால் பூ, குப்பி என்றால் குப்பி. பட்டுப் புடவை மீது நேராக அடிக்காதீர்கள், கறை பிடிக்கும். முத்து மாலையையும் கவரிங் நகைகளையும் வாசனை காய்ந்த பிறகு போட்டுக்கொள்ள வேண்டும். மணிக்கட்டு இரண்டையும் சேர்த்துத் தேய்க்கிற பழக்கம் எனக்கும் இருந்தது. தேய்க்காமல் விட்டால் முதல் பத்து நிமிடப் பழம் இன்னும் சற்று நேரம் நிற்கிற மாதிரி எனக்குத் தோன்றுகிறது.

தண்டச் செலவு என்றேனே, அது ஜூலையில் நடந்தது. டிகான்ட் பாதி காலியானதும் ஆசை முற்றிவிட்டது. இணையத்தில் ஒரு விற்பனையாளர் பாதி விலைக்கு முழுக் குப்பி தருவதாகச் சொன்னார். 'டெஸ்டர்', அதாவது கடையில் முகர்ந்து பார்ப்பதற்காக வைக்கும் குப்பி என்பதால் மலிவு என்றார். பாதி விலையே எனக்குப் பெரிய தொகைதான். வந்து சேர்ந்த குப்பி பார்க்க அச்சு அசலாக இருந்தது. அழுத்திப் பார்த்தேன், லிச்சி, ரோஜா எல்லாம் ஆஜர். மகிழ்ச்சியில் ஒரு காபி போட்டுக் குடித்துவிட்டு வந்து மணிக்கட்டை முகர்ந்தால், தரை துடைக்கும் திரவத்தின் மிச்சம். புளிப்பு போன இடம் தெரியவில்லை. பாதி வைத்திருந்த டிகான்டை மற்ற கையில் போட்டு இரண்டு மணி நேரம் ஒப்பிட்டுப் பார்த்தேன், சந்தேகமே இல்லை. குப்பியின் அடியில் இருந்த எண் ஒன்று, பெட்டியில் இருந்த எண் வேறு. பணம் திரும்பவில்லை. போலி செய்பவர்களுக்கு முதல் இருபது நிமிடத்தை நகலெடுப்பதுதான் தொழில், ஏனென்றால் வாங்குபவர் அதற்குள் முடிவு செய்துவிடுவார். கடையில் காகிதப் பட்டையில் அடித்து நீட்டுவதும் அந்த இருபது நிமிட வியாபாரம்தானே? அசல் கடையாகவே இருந்தாலும், தோலில் போட்டுக்கொண்டு வெளியே வந்து, சாப்பிட்டு, வியர்த்து, வீடு திரும்பிய பிறகு முடிவெடுப்பதுதான் நல்லது.

ஆகஸ்டில் அம்மா மயிலாடுதுறையிலிருந்து வந்திருந்தார். கொடியில் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தவர் என் துப்பட்டாவை எடுத்து முகத்தருகே வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"துவைத்த துணியில் என்னடி மனோரஞ்சித வாசனை?"

நான் அந்தத் துப்பட்டாவில் வாசனை அடித்தது போன வாரம். இரண்டு முறை துவைத்தாகிவிட்டது. வாங்கி முகர்ந்தேன். வழக்கம்போல எனக்குச் சோப்பு மட்டும்தான் தெரிந்தது. ஆனால் அம்மா சொன்ன பிறகு, மூக்குக்கு வரவில்லையே தவிர, நினைவுக்கு வந்துவிட்டது.

ஊர் வீட்டுக் கிணற்றடியில் ஒரு மனோரஞ்சிதக் கொடி இருந்தது. பூ இலையின் நிறத்திலேயே இருக்கும், தடித்த இதழ், கண்ணுக்கு அகப்படாது. பழுத்து மஞ்சளாகும்போது வாசனை கிளம்பும். மூக்கை வைத்துக்கொண்டுதான் தேட வேண்டும். பாம்பு வரும் என்று பாட்டி அருகில் விட மாட்டார். 'எந்தப் பழத்தை நினைத்துக்கொண்டு முகர்கிறாயோ அந்தப் பழ வாசனை வரும்' என்பார்கள். நாங்கள் மாம்பழம், கொய்யா என்று கத்திக்கொண்டே முகர்ந்து பார்ப்போம். சாமிக்கு என்று பறித்ததை மட்டும் முகரக் கூடாது. மிச்சமானதைக் கைக்குட்டையில் முடிந்து அம்மா பீரோவில் புடவைகளுக்கு நடுவில் வைப்பார். இருபதாயிரம் ரூபாய்க் குப்பியை நான் கல்யாணப் பந்தியில் துரத்திக்கொண்டு போனதற்குக் காரணம் அந்த பீரோவாக இருக்கலாம்.

"இது பிரெஞ்சுக்காரர்கள் செய்தது, அம்மா" என்று சீசாவைக் காட்டினேன். விலையைச் சொல்லவில்லை. ஒரு சொட்டுத் தன் புறங்கையில் விட்டுக்கொண்டு, "முதலில் நன்றாக இருக்கிறது" என்றார். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு கையைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார். "இது போகவே போகாதா?"

முழுக் குப்பி வாங்கும் எண்ணத்தை அத்தோடு விட்டுவிட்டேன். வாசனை பிடிக்காமல் இல்லை. இன்றைக்கும் அந்த முதல் அரை மணி நேரத்துக்கு ஈடாக வேறொன்றை நான் கண்டதில்லை. மாலைவரை விடாமல் வரும் அந்தக் கஸ்தூரிதான் எனக்கும் என்னைச் சுற்றியிருப்பவர்களுக்கும் அதிகம். ஐந்து மில்லி தீர்ந்ததும் இன்னொரு ஐந்து மில்லி வாங்கிக்கொண்டேன். வெயில் படாமல், குளியலறை ஈரம் படாமல், பீரோவில் பருத்திப் புடவை அடுக்குக்குள் இருக்கிறது. விசேஷத்துக்கு ஒன்று, வேலை நாளில் எப்போதாவது ஒன்று. போடுகிற அன்று பக்கத்து மேசைக்காரியிடம் கையை நீட்டிக் காட்டுவேன். அவள் கட்டைவிரலை உயர்த்தினால்தான் உட்காருவேன். முகம் சுருங்கினால் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வருவேன்.

ஐப்பசியில் அம்மா மறுபடி வந்தபோது, பஸ்ஸில் நசுங்காமல் டிபன் டப்பாவில் மூன்று மனோரஞ்சிதம் கொண்டுவந்தார். ஒன்றைக் கைக்குட்டையில் முடிந்து அலுவலகத்துக்கு எடுத்துப்போனேன். மத்தியானம் முடிச்சை அவிழ்த்து, கண்ணை மூடிக்கொண்டு, லிச்சி லிச்சி என்று நினைத்து முகர்ந்தேன். பலாச்சுளைதான் வந்தது. பக்கத்து மேசைக்காரி வாங்கி முகர்ந்துவிட்டு, பூவன்பழம் என்றாள்.